பொறியின் முகமும் தொழிலாளியின் மொழியும்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கற்பட்டு செல்லும் மின்தொடர்வண்டியில் கூடுவாஞ்சேரியைக் கடந்ததும் பொத்தேரி வருகிறது. அதனையடுத்துக் காட்டாங்குளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில், பரனூர் என நிலையங்கள் தொடர்கின்றன. ஏரிகளாலும் ஏரிப்பாசன வயல்களாலும் அறியப்பட்ட இந்நிலப்பரப்பு இன்று கல்விக்கூடங்களும் தொழிற்கூடங்களும் நெருங்கிய பகுதியாக மாறியுள்ளது. மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 1990களில் சீருந்து ஆலை அமைத்து 2022 வரை உற்பத்தி நடத்தியது. பரனூரை ஒட்டிய மகிந்திரா உலக நகரில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. சீருந்துகள் பொருத்தப்படுகின்றன. இந்நெடுஞ்சாலையின் இருபுறமும் உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறைகள் எண்ணற்றவை. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் நிறைத்திருக்கும் இவ்வெந்திரங்கள் தம்மை இயக்குவோரிடம் எந்த மொழியில் பேசுகின்றன?

இவ்வினாவைத் தமிழ்த்துறை மலரில் எழுப்புதல் பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். எந்திரம் பொறியியலார்க்குரியது, மொழி தமிழாசிரியர்க்குரியது என்று வரம்பு கட்டிக்கொண்டு இருசாராரும் நெடுங்காலம் அமைதியாக வாழ்ந்துவிட்டோம். கணிப்பொறியும் அதன்பின் செயற்கை நுண்ணறிவும் எந்திரத்துள் புகுந்தபோது அவ்வரம்பு அழிந்தது. முன்னாளில் எந்திரம் ஓசையாலும் அதிர்வாலும் வெப்பத்தாலும் பேசிற்று. இன்று அது திரையில் எழுத்தாலும், சில இடங்களில் குரலாலும் பேசுகிறது. சொல் வந்துவிட்ட இடத்தில் சொல்லை ஆராய்பவர்க்கும் வேலை வந்துவிடுகிறது.

கையும் கருவியும்

மாமல்லபுரத்துச் சிற்பியர் கல்லைத் தேர்ந்தெடுக்கையில் அதனைத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டுத் தரம் பிரிப்பர். பணி தொடங்கியபின் உளிவழியே கைக்கு ஏறும் அதிர்வு, தெறிக்கும் சில்லின் அளவு, ஒலியில் தோன்றும் சிறு மாறுதல் ஆகியவை கல்லினுள் மறைந்திருக்கும் விரிசலை முன்கூட்டியே உணர்த்திவிடும். கருவிக்கும் அதனைக் கையாள்வோர்க்கும் இடையே இங்கு வேறெதுவும் இல்லை. உளியே கருவி; உளியே செய்தி சொல்லும் நாவும் ஆகும்.

கடைசல் எந்திரம் வந்தபோதும் இவ்வுறவு பெரிதும் குலையவில்லை. தேர்ந்த கடைசல் தொழிலாளி, எஃகுச் சீவல் வைக்கோல் நிறத்திலிருந்து நீல நிறத்துக்கு மாறுவதைக் கண்டு வெட்டுமுனை சூடேறுவதை அறிவார். கீச்சென்ற ஒலி கேட்டால் பிடிப்பு தளர்ந்ததா, முனை மழுங்கியதா என ஆராய்வார். கைச்சக்கரத்தைச் சுழற்றும் விரல்களுக்கே உலோகத்தின் கடினம் தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் மசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகம் 1952இல் எண்வழியாகக் கட்டுப்படுத்தப்படும் துருவல் எந்திரத்தை உலகுக்குக் காட்டியது. அதன் வழிவந்தவையே பட்டறைகளில் 'சி.என்.சி.' என்ற மூன்றெழுத்தால் வழங்கும் இன்றைய எந்திரங்கள். நூற்பு எந்திரங்களுக்குப் பேர்பெற்ற கோவை எல்.எம்.டபிள்யூ. நிறுவனமும் இவற்றை ஆக்கி வருகிறது. இவ்வகை எந்திரத்தில் வெட்டும் பணி மூடிய கதவுக்குள் நடைபெறும். குளிர்ப்பு நீர்மம் பீறிட்டுக் கண்ணாடியை மறைக்கும். கைச்சக்கரத்தின் இடத்தில் திரையும் பொத்தான்களும் வந்துவிட்டன. சுழல்தண்டின் சுமை இத்தனை விழுக்காடு, முனையின் நிலை இவ்வளவு என எண்கள் ஓடுகின்றன. துல்லியம் கூடிற்று, ஆபத்து பெரிதும் குறைந்தது. ஆயினும் உலோகத்தின் செய்தி இப்பொழுது நேரே கைக்கு வருவதில்லை. அது உணரிகள் வழியாகச் சென்று, கணிப்பொறியால் திரட்டப்பட்டு, யாரோ ஒருவர் வடிவமைத்த திரையில் வந்து நிற்கிறது. அத்திரையையும் பொத்தான்களையும் ஒலிகளையும் சேர்த்தே இடைமுகம் என்கிறோம். எளிய தமிழில் எந்திரத்தின் முகம் எனலாம்.

விளக்கு சொன்ன பொய்

எந்திரத்தின் அகநிலையைப் புறத்தே காட்ட வேண்டும் என்னும் சிந்தனை புதியதன்று. தியார்பகிர் நகரில் அர்தூக்கிய மன்னர்களிடம் பணியாற்றிய பொறிஞர் அல்-ஜஸரி 1206இல் நிறைவுசெய்த நூலில் யானைக் கடிகாரம் ஒன்றை விளக்குகிறார். யானையின் வயிற்றுள் நீர்த்தொட்டி. அதில் துளையிட்ட கிண்ணம். கிண்ணம் மெல்ல நிறைந்து அமிழும்போது ஓர் உருண்டை விடுபட்டு உருளும், பாம்பு வளையும், பாகன் அடித்து அரைமணி கழிந்ததை அறிவிப்பான். இதில் நாம் கருத வேண்டியது வேடிக்கையை அன்று. கிண்ணம் அமிழ்ந்தாலன்றிப் பாகன் அசைய இயலாது. அறிவிப்பு உண்மை நிகழ்ச்சியோடு பிணைக்கப்பட்டிருந்தது; ஆகவே அந்தப் பாகனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

எண்ணூறு ஆண்டுகளுக்கு அண்மையில் வளர்ந்துவிட்ட பொறியியல் இந்த எளிய நெறியை மறந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 விடியற்காலையில் அழுத்தத்தைத் தணிக்கும் அடைப்பிதழ் ஒன்று திறந்தது. பின்னர் மூடிக்கொள்ளுமாறு அதற்குக் கட்டளை சென்றது. ஆனால் அது மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் பலகையிலிருந்த விளக்கோ அடைப்பிதழின் உண்மை நிலையைக் காட்டுவதாக அமைக்கப்படவில்லை. கட்டளை சென்றதா என்பதை மட்டுமே அது காட்டிற்று. விளக்கு அணைந்தது கண்ட பணியாளர் அடைப்பிதழ் மூடிவிட்டதாகவே நம்பினர். தொடக்க நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே ஒலித்தன. முதன்மையானது எது, துணைமையானது எது எனப் பிரித்துக் காட்ட வழியில்லை. நிகழ்ச்சிகளை அச்சிட்ட பொறி நிகழ்ச்சிகளுக்குப் பின்தங்கிப் போயிற்று. குளிர்நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறிக்கொண்டிருக்க, நீர் மிகுந்துவிட்டதாகக் கருதிய பணியாளர் வரும் நீரையும் குறைத்தனர். உலையின் உட்பகுதி ஓரளவு உருகிற்று.

அப்பணியாளர் அறிவிலிகள் அல்லர், பயிற்சி பெற்றவர்கள். பலகை சொன்னதை நம்பினார்கள், அவ்வளவே. இதன்பின் அணுமின் உலகம் கட்டுப்பாட்டு அறையின் அமைப்பை ஒரு தனி அறிவியலாகவே கருதத் தொடங்கிற்று. நம் மாமல்லபுரக் கடற்கரைக்குத் தெற்கே கல்பாக்கத்தில், முன்மாதிரி வேக ஈனுலையை இயக்குவோர்க்கென, உண்மைக் கட்டுப்பாட்டு அறையை ஒத்த பயிற்சிக் கூடமொன்றை இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியது. எந்திரத்தின் முகத்தைப் படிக்க மனிதர் பழக வேண்டியிருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆள் சேர்ந்த எழுத்து

தறியிலிருந்து பிறந்த பாடம் ஒன்று இதற்கு நேர்மாறானது. சப்பானியரான சகிச்சி டொயோடா 1924இல் நிறைவுசெய்த தானியங்கித் தறி, நூலொன்று அறுந்தால் தானே நின்றுவிடும். காஞ்சிபுரத்தார்க்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. நூல் அறுந்தபின்னும் ஓடும் தறி துணியை நெய்வதில்லை, குறையை நெய்கிறது. தறி தானே நிற்பதால், ஒவ்வொரு தறிக்கும் ஒருவர் கண்ணிமைக்காது காவல் இருக்க வேண்டிய நிலை நீங்கிற்று. நின்ற தறியிடம் சென்று காரணத்தை ஆராய்ந்து சரிசெய்வது நெசவாளியின் பணியாயிற்று.

இக்குடும்பத்தார் பின்னர் நிறுவிய டொயோட்டா சீருந்து ஆலை இக்கொள்கைக்கு வைத்த பெயர் மொழியாராய்ச்சியாளர்க்குச் சுவை தருவது. தானியங்குதல் என்னும் பொருளுடைய 'சிடோக்கா' என்ற சொல்லில் இயக்கத்தைக் குறிக்கும் எழுத்தொன்று உண்டு. அதனோடு ஆளைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்து அவர்கள் எழுதினர். ஒலிப்பில் வேறுபாடில்லை, பொருளில் மட்டும் மனிதர் வந்து சேர்ந்துகொண்டனர். அவ்வாலையில் குறைகண்ட எத்தொழிலாளியும் கயிறொன்றை இழுத்து உதவி கோரலாம். உரிய நேரத்தில் குறை தீராவிடில் வரிசையே நிற்கும். எவ்விடத்தில் இடர் என்பதை மேலே தொங்கும் விளக்குப் பலகை யாவர்க்கும் காட்டும்.

கற்கும் எந்திரம்

செயற்கை நுண்ணறிவு இவ்வரலாற்றில் எவ்விடத்தில் வந்து சேர்கிறது? சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கை எடுத்துக்கொள்வோம். அது தேயத் தொடங்கும்போது அதிர்வில் மிக நுண்ணிய மாறுதல் தோன்றுகிறது. மனிதச் செவிக்கு அது எட்டுவதற்குள் காலம் கடந்துவிடலாம். அதிர்வு உணரியொன்றைப் பொருத்தி, நல்ல நிலையிலும் பழுதுற்ற நிலையிலும் எடுத்த பதிவுகளைக் கணிப்பொறிக்கு ஊட்டினால், அது இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொள்கிறது. இங்குக் கருத்தூன்றிக் காண வேண்டுவது, இதற்குரிய விதியை எவரும் எழுதித் தரவில்லை என்பதே. எடுத்துக்காட்டுகளிலிருந்து பொறி தானே வடிவங்களைத் தேர்கிறது. வார்ப்பில் கீறல் உண்டா, பற்றவைப்பு நிறைவானதா என ஒளிப்படக் கருவி வழியே ஆராய்வதும் இம்முறையினதே.

பழைய எந்திரத்தின் எச்சரிக்கை 'எண்ணெய் குறைந்தது' என்றால் எண்ணெய் குறைந்தது என்றே பொருள். கற்கும் எந்திரம் சொல்வதோ முடிந்த முடிபன்று, ஊகம். 'பேரிங் பழுது' என்று செந்நிறத்தில் எழுதிக்காட்டும் திரை, தன் ஊகத்தை உண்மைபோல் உரைக்கிறது. ஊகம் பலமுறை பொய்த்தால் தொழிலாளி அதனைப் பொருட்படுத்தாது விடுவார்; ஒலியை அணைத்தும் வைப்பார். புலி வருகிறது எனக் கூவிய சிறுவனின் கதைதான். மாறாக, "இடப்பக்கப் பேரிங்கின் அதிர்வு மூன்று நாளாக ஏறிவருகிறது, பழுதாகலாம் என ஐயம், பணிமாற்றத்தின்போது உயவுநெய்யைப் பார்க்கவும்" என எழுதும் திரையை நினைத்துப் பாருங்கள். எங்கே, எப்போது முதல், எவ்வளவு உறுதி, இனி என் செய்வது என்னும் நான்கும் அதில் உள்ளன. தொழிலாளி தம் அனுபவத்தை அதனோடு ஒப்பிட்டு ஏற்கலாம், மறுக்கலாம். அறிவுள்ள இடைமுகம் என்று போற்றத்தக்கது இதுவே, வண்ணப்படங்களின் மிகுதியன்று.

ஆங்கிலேய உளவியலறிஞர் லிசேன் பெயின்பிரிட்ஜ் 1983இல் வெளியிட்ட 'தானியக்கத்தின் முரண்கள்' என்னும் கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. எளிய வேலைகளையெல்லாம் எந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, எந்திரத்தால் இயலாத கடினமான கணத்தை மட்டும் மனிதரிடம் விடுகிறோம். அக்கணத்துக்குரிய திறனோ அன்றாடப் பழக்கத்தால் மட்டுமே நிலைப்பது. பழக்கத்தைப் பறித்துவிட்டுத் திறனை எதிர்பார்க்கிறோம் என்பது அவர் கருத்தின் சாரம். பணிக்காலம் முழுதும் திரையைப் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தவர், ஆபத்து நேரத்தில் நொடிப்பொழுதில் வல்லுநராக வேண்டும் என்பது நியாயமன்று.

வரப்பின்மேல் ஒரு திரை

நம் பகுதியிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உள்ளது. மகிந்திரா உலக நகரில் அமைந்த மகிந்திரா ஆய்வு மையத்தில் உருவான ஓட்டுநரில்லா டிராக்டர் 2017 செப்டம்பரில் அறிமுகப்படுத்தப்பட்டது. செயற்கைக்கோள் வழிகாட்டுதலால் அது நேர்கோட்டில் உழும். வயலின் விளிம்பில் தானே திரும்பும். திரும்புகையில் கலப்பையைத் தானே தூக்கிக்கொள்ளும். வயலின் எல்லையைக் குறித்துவிட்டால் அதற்கப்பால் செல்லாதவாறு வேலியிடும் வசதியும், தொலைவிலிருந்தே நிறுத்தும் வசதியும் கூறப்பட்டன. இவற்றையெல்லாம் கையடக்கப் பலகைக் கணினியொன்றின் திரையிலிருந்து கட்டுப்படுத்தலாம்.

உழவர் இருக்கையிலிருந்து இறங்கி வரப்புக்கு வந்துவிட்டார் என்பது சிறிய மாற்றமன்று. இருக்கையில் அமர்ந்திருந்தவரை, கலப்பை வேரில் மாட்டினால் பொறியின் உறுமலே சொல்லிவிடும். ஈரம் மிகுந்த இடத்தில் சக்கரம் வழுக்குவதை உடம்பு உணரும். இப்போது அவற்றையெல்லாம் திரை சொல்ல வேண்டும். அத்திரையோ செங்கற்பட்டுச் சித்திரை வெயிலில் கண்ணுக்குப் புலப்பட வேண்டும். சேறு படிந்த விரலுக்கும் இணங்க வேண்டும். வரப்பில் குழந்தை ஓடிவந்தால் தேடித்துழாவாமல் ஒரே தொடுதலில் நிறுத்த இடந்தர வேண்டும். ஆய்வுக்கூடத்தின் குளிரறையில் அழகாகத் தோன்றும் திரை வயலில் என்னாகும் என்பதை வயலே தீர்மானிக்கும்.

உற்பத்திக்கு இடையூறாகத் தோன்றும் எவ்விடைமுகத்தையும் தொழிற்கூடம் வென்றுவிடும் என்பதையும் மறத்தலாகாது. தகட்டை அழுத்தி உருவாக்கும் பவர் பிரஸ் எந்திரத்தில் இரு பொத்தான்களை இரு கைகளாலும் ஒருங்கே அழுத்தினாலன்றி அழுத்தி இறங்காதவாறு அமைப்பதுண்டு. இரு கைகளும் வெளியே இருப்பதற்கான ஏற்பாடு அது. ஒரு பொத்தானைக் கட்டிவைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் இயக்கும் வழக்கமும் பட்டறை உலகம் அறிந்ததே. எண்ணிக்கைக்குக் கூலி என்னும்போது ஒரு கையின் விடுதலை பெரிதாகத் தோன்றுகிறது, விரல்கள் போகின்றன. அரியானாவின் ஊர்தி உதிரிப்பாக ஆலைகளில் கைவிரல் இழந்தோரைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகள் இப்பவர் பிரஸ் எந்திரத்தையே முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டுகின்றன. கை உள்ளே நுழைந்தால் ஒளிக்கதிர்த் திரையால் கண்டறிந்து நிறுத்தும் முறை பல்லாண்டுகளாக உள்ளது. இப்போது ஒளிப்படக் கருவியும் செயற்கை நுண்ணறிவும் அப்பணிக்கு வருகின்றன. வரவேற்கத்தக்கதே. ஆயினும் கையைக் காக்க வைத்த கண், தொழிலாளி எத்தனை நொடி ஓய்ந்தார் என எண்ணவும் பயன்பட்டால், அக்கண்ணையும் துணிகொண்டு மூட ஒருவர் முயல்வார்.

நிறமும் சொல்லும்

எந்திர முகத்தின் முதல் மொழி நிறம். அதுவும் எங்கும் ஒன்றுபோல் இல்லை. உற்பத்தி எந்திரங்களில் பச்சை விளக்கு சீரான இயக்கத்தையும், சிவப்பு இடரையும் குறிக்கும். நம் நாட்டு மின்விசைப் பலகைகளிலோ சிவப்பு விளக்கு எரிந்தால் மின்சாரம் ஓடுகிறது என்றும், பச்சை எரிந்தால் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்றும் கொள்வது வழக்கம். ஒரே கூடத்தில் பத்தடி இடைவெளியில் ஒரே நிறம் இருவேறு பொருள் தருவதைத் தொழிற்பயிற்சி மாணவர் மனத்தில் இருத்திக்கொள்ளல் நன்று. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வை ஆண்களில் நூற்றுக்குச் சிலர்க்கு உண்டு என்பதால், நிறத்தோடு வடிவமும் சொல்லும் துணைநிற்றல் வேண்டும்.

சொல்லுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 108ஆம் பிரிவில், அச்சட்டப்படி ஆலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், அங்குப் பணிபுரிவோரில் பெரும்பான்மையோர்க்கு விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என விதித்தது. சுவரில் தொங்கும் தாளுக்குச் சட்டம் அளித்த மதிப்பு அது. எந்திரத்தின் திரையோ சுவரைவிடத் தொழிலாளியின் கண்ணுக்கு அருகிலுள்ளது. எனினும் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே பேசுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு எந்திர நெறிமுறை, எந்திரத்தின் மீதுள்ள எழுத்தெச்சரிக்கைகள் அது பயன்படும் நாட்டின் மொழியில் இருக்க வழிசெய்தது. செருமனியில் செய்து போர்ச்சுகலில் விற்கும் எந்திரம் போர்ச்சுகீசியம் பேச முடியுமாயின், ஏழு கோடிப் பேருக்கு மேல் பேசும் தமிழை எந்திரத்துக்குக் கற்பித்தல் பொறியியலுக்கு அரிய செயலன்று. கேட்பார் இல்லை என்பதே குறை.

கேட்பதற்கான அடித்தளம் நம்மிடம் இல்லாமலும் இல்லை. சென்னை கிண்டியில் இயங்கும் தேசிய பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் தொழிற்பயிற்சி நிலைய நூல்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டுமானவியலிலும் எந்திரவியலிலும் தமிழ்வழிப் பொறியியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப்பதிப்பின் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா, கணிப்பொறிக்கும் மருத்துவத்துக்கும் கலைச்சொல் அகராதிகள் தொகுப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டு 2017இல் மறைந்தார். வகுப்பறையில் தமிழில் படித்த மாணவர், ஆலைக்குள் நுழைந்ததும் 'ஃபீடு ஹோல்டு', 'ஆக்சிஸ் ஓவர்டிராவல்' என ஒளிரும் திரையின்முன் நிற்கிறார். பொருள் புரியாவிடினும் எந்தப் பொத்தானை அழுத்தினால் அது மறையும் என்பதை மூத்தவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்கிறார். எச்சரிக்கையைப் புரிந்துகொள்வதற்கு மாறாக அதனைப் போக்கக் கற்றுக்கொள்வது எத்தகைய ஆபத்து என்பதைத் திரீ மைல் ஐலண்டைப் படித்தவர் உணர்வர். தமிழ் மட்டும் போதும் என்பதும் அன்று. இன்று இப்பகுதி ஆலைகளில் ஒடிசா, பீகார், அசாம் மாநிலத்தாரும் தோளோடு தோள்நின்று உழைக்கின்றனர். பணிக்கு வருபவரின் அடையாள அட்டையைக் கண்டதும் அவர் மொழிக்கு மாறும் திரையே பொருத்தமானது.

செவியுடைய எந்திரம்

எழுத்துக்கு அடுத்தது குரல். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஏஐ ஃபார் பாரத்' ஆய்வுக்குழு இந்திய மொழிகளுக்கான பேச்சறிதலிலும் மொழிபெயர்ப்பிலும் குறிப்பிடத்தக்க பணியாற்றி வருகிறது; அதற்கென நிலேகனி மையம் 2022இல் அமைந்தது. இரு கைகளும் வேலையில் இருக்கும்போது வாய்மொழியால் எந்திரத்தை இயக்கலாம் என்பது கவர்ச்சியான கனவு.

இக்கனவுக்குத் தமிழ் இலக்கணம் ஒரு தடை போடுகிறது. ஆங்கிலத்தில் விலக்கும் சொல் வினைக்கு முன்னே வரும். தமிழில் எதிர்மறை வினைப்பகுதிக்குப் பின்னே ஒட்டுகிறது. 'இறக்கு' என்பதற்கும் 'இறக்காதே' என்பதற்கும், 'தூக்கு' என்பதற்கும் 'தூக்காதே' என்பதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் சொல்லின் கடைப்பகுதியில் உள்ளது. அழுத்தி அறையும் பேரொலியில் அக்கடைப்பகுதி அமிழ்ந்துபோனால், செய்யாதே என்று கூவியது செய் என்று எந்திரத்தின் செவியில் விழும். பாரந்தூக்கியின் கீழ் ஒருவர் நிற்கும்போது இது இலக்கண நுட்பமாக மட்டும் இராது. ஆதலின் தமிழில் குரற்கட்டளை அமைப்போர் எதிர்மறை வினைகளை அறவே தவிர்த்து, 'நில்' என்பது போன்ற தனித்த சொற்களைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்; இயக்கும் கட்டளைகளை மட்டும் எந்திரம் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ளல் வேண்டும்; நிறுத்தும் கட்டளையை எக்காரணம் கொண்டும் திருப்பிக் கேட்டல் கூடாது.

இரட்டை வழக்கும் இடர் தருவதே. நூல்வழக்கில் 'நிறுத்து' என எழுதுகிறோம். பட்டறையிலோ 'நிப்பாட்டு', 'ஆஃப் பண்ணு', 'விடு விடு', 'போதும்' எனப் பலவாறு எழும். 'போடு' என்ற ஒரே சொல் விசையை இயக்கு என்றும், பொருளைக் கீழே வை என்றும் இடத்துக்கேற்பப் பொருள்படும். செய்தி வாசிப்பையும் அச்சுநூல்களையும் கேட்டுப் பழகிய எந்திரத்துக்கு இப்பேச்சு அயல்மொழியே ஆகும். தமிழ்த்துறை மாணவர் சிலர் ஒலிப்பதிவுக் கருவியோடு மறைமலைநகர்ப் பட்டறைகளுக்குச் சென்று, உழைப்பாளர் எந்திரத்தையும் அதன் உறுப்புகளையும் எவ்வெவ்வாறு அழைக்கின்றனர், ஆபத்தில் எவ்வாறு கூவுகின்றனர் எனத் தொகுப்பாராயின் அது நல்ல முதுகலை ஆய்வேடாகும். பணியமர்த்தும் நிறுவனத்தின் இசைவோடும், பேசுவோரின் உடன்பாட்டோடும் செய்தல் முறை.

அத்தொகுப்பில் முதலில் வரையறுக்க வேண்டிய சொற்கள் மூன்று. அமெரிக்கத் தரநெறியில் இடரறிவிப்புக்குப் படிநிலை உண்டு. தவிர்க்காவிடில் உயிர் போகும் என்னும் நிலைக்கு ஒரு சொல். போகக்கூடும் என்னும் நிலைக்கு மற்றொன்று. சிறு காயம் நேரலாம் என்பதற்கு வேறொன்று. தமிழில் அபாயம், எச்சரிக்கை, கவனம் என்னும் மூன்றையும் ஒன்றுக்கு மற்றொன்றாக மனம்போனபடி எழுதிவருகிறோம். மெழுகிய தரையில் 'எச்சரிக்கை', உயரழுத்தக் கம்பியருகிலும் 'எச்சரிக்கை' என்றிருந்தால் சொல்லின் கூர்மை மழுங்கிவிடும். இவற்றுள் ஒரு சொல்லுக்கு மட்டும் நாட்டுப்புறம்வரை பொருள் நிலைத்திருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்திய மின்விதிகள், உயரழுத்த மின்னமைப்புகளில் மண்டையோடும் எலும்பும் வரைந்த பலகையை ஆங்கிலம் அல்லது இந்தியோடு வட்டார மொழியிலும் எழுதிவைக்கப் பணித்தன. மின்மாற்றிக் கம்பத்தில் தொங்கும் அப்பலகையில் 'அபாயம்' என்று எழுதியிருப்பதைப் பொத்தேரிச் சிறுவரும் அறிவர். உயிர்போகும் இடத்துக்கு மட்டுமே அச்சொல்லை ஒதுக்கி, எஞ்சிய இரண்டுக்கும் எல்லை வகுத்து, எந்திரத் திரைகளுக்கான முதற்பட்டியலை அங்கிருந்து தொடங்கலாம்.